நால்வரில் இவர் யார்?

மழைக்காலம் வந்துவிட்டால் டெங்குவைப் பற்றிய பேச்சும் வந்துவிடுகிறது. தண்ணீர்த் தொட்டியை மூடி வையுங்கள், பழைய டயரை வெளியே போடாதீர்கள், தேங்காய் ஓட்டைக் கவிழ்த்துப் போடுங்கள் என்றெல்லாம் அறிவிப்புகளைப் பார்த்திருப்பீர்கள். காய்ச்சல் கண்ட ஒருவரின் இரத்தத்தைச் சோதித்து, "இது டெங்குதான்" என்று மருத்துவமனையில் சொல்லிவிடுகிறார்கள். அத்துடன் விஷயம் முடிந்துவிட்டது என்று நாம் நினைக்கிறோம். ஆனால் ஆய்வுக்கூடத்தில் இன்னொரு கேள்வி காத்திருக்கிறது. "சரி, எந்த டெங்கு?"

ஆம், டெங்கு வைரஸ் என்று நாம் ஒருமையில் சொன்னாலும் அந்தப் பெயருக்குள் நான்கு வைரஸ்கள் இருக்கின்றன. டெங்கு 1, டெங்கு 2, டெங்கு 3, டெங்கு 4 என்று அவற்றுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். நான்கும் ஒரு குடும்பத்து உடன்பிறப்புகள். நான்கையும் பரப்புவது பகலில் கடிக்கும் அதே ஏடிஸ் கொசு. நான்கும் தருவது அதே காய்ச்சல், அதே மூட்டுவலி, அதே கண்வலி. எலெக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தாலும் நான்கும் ஏறக்குறைய 50 நானோமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைகளே. அதாவது 20,000 வைரஸ்களை ஒன்றையொன்று தொட்டாற்போல் வரிசையாக அடுக்கினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும்!

இவ்வளவு சிறியவற்றை, இவ்வளவு ஒத்திருப்பவற்றை, எப்படிப் பிரித்து அறிகிறார்கள்? அதற்கு முன் ஒரு கேள்வி. எதற்காகப் பிரித்து அறிய வேண்டும்? எதுவானாலும் டெங்குதானே? முதலில் இதற்கு விடை காண்போம்.

கியூபா தந்த பாடம்

ஒரு முறை அம்மை வந்தவருக்கு மீண்டும் அம்மை வருவது அரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். நோயின்போது உடலில் உண்டாகும் எதிர்ப்பொருள்கள் பிறகும் காவல் நிற்பதே காரணம். டெங்குவிலும் இப்படி ஒரு காவல் உண்டு. ஆனால் அது ஓரவஞ்சனைக் காவல். டெங்கு 1 வந்து குணமானவருக்கு டெங்கு 1 மீண்டும் வருவதில்லை. மற்ற மூன்று வகைகளிடமிருந்து கிடைக்கும் பாதுகாப்போ சில மாதங்களுக்குத்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் டெங்குவை ஆராய்ந்த ஆல்பர்ட் சாபின் என்ற விஞ்ஞானிதான் இதைத் தெளிவாகக் காட்டினார். பிற்காலத்தில் போலியோ சொட்டு மருந்து கண்டவரும் இவரே. அவர் கண்டறிந்தவை 1, 2 ஆகிய வகைகள். 1956-இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மணிலா நகரில் பரவிய நோயிலிருந்து 3, 4 ஆகிய வகைகளும் கண்டுபிடிக்கப்பட்டன.

இனிக் கியூபாவுக்குப் போவோம். 1977-ஆம் ஆண்டு அந்தத் தீவு நாட்டில் டெங்கு 1 பரவியது. இலட்சக்கணக்கான மக்களுக்குக் காய்ச்சல் வந்தது, போயிற்று. பெரிய இழப்பு எதுவும் இல்லை. நான்கு ஆண்டுகள் கழித்து, 1981-இல், மீண்டும் டெங்கு பரவியது. இம்முறை வந்தது டெங்கு 2. நோயுற்றவர் 3,44,203 பேர். அவர்களில் 10,312 பேருக்கு நோய் கடுமையாகியது. இரத்தக் குழாய்களிலிருந்து நீர் கசிந்தது, இரத்தப் போக்கு ஏற்பட்டது, சிலர் அதிர்ச்சி நிலைக்குப் போயினர். இறந்தவர் 158 பேர். அதில் 101 பேர் குழந்தைகள்.

ஒரே நாடு, அதே கொசு, அதே மக்கள். பிறகு ஏன் இந்த வேறுபாடு? டெங்கு 2 என்பதே பொல்லாத வைரஸ் என்று முடிவு கட்டிவிடலாமா? அப்படி அவசரப்படக் கூடாது என்பதைக் காட்டியது 1997-ஆம் ஆண்டு. அந்த ஆண்டு கியூபாவின் சாந்தியாகோ நகரில் டெங்கு 2 மீண்டும் தலைகாட்டியது. கடுமையான நோய் கண்டவர் 205 பேர். இறந்தவர் 12 பேர். இறந்த அனைவரும் பெரியவர்கள். இம்முறை குழந்தைகள் தப்பிவிட்டார்கள்!

இந்தப் புதிருக்கு விடையை ஹவானா நகரிலுள்ள பெட்ரோ கூரி ஆய்வு நிறுவனத்தின் குஸ்தாவோ கூரி, மரியா குவாதலூப்பே குஸ்மான் முதலிய ஆய்வாளர்கள் விளக்கினார்கள். 1981-க்குப் பிறகு பல ஆண்டுகள் கியூபாவில் டெங்கு பரவாமல் தடுக்கப்பட்டிருந்தது. எனவே 1997-இல் குழந்தைகளாக இருந்தவர்கள் அதற்கு முன் எந்த டெங்குவையும் கண்டதில்லை. அவர்களுக்கு அது முதல் தொற்று. ஆனால் பெரியவர்களில் பலர் 1977-இல் டெங்கு 1 வந்து குணமானவர்கள். அவர்களுக்கு இது இரண்டாம் தொற்று, அதுவும் வேறு வகைத் தொற்று. ஆபத்து அங்கேதான் இருந்தது. இதற்கு முன்பே, 1960-களில், தாய்லாந்தின் பாங்காக் நகரில் ஸ்காட் ஹால்ஸ்டெட் என்ற மருத்துவர், கடும் டெங்கு பெரும்பாலும் இரண்டாம் முறை தொற்றியவர்களிடம் காணப்படுவதைக் கவனித்திருந்தார்.

ஏன் இப்படி? டெங்கு 1-க்காக உண்டான எதிர்ப்பொருள்கள் டெங்கு 2-ஐயும் பற்றிக்கொள்கின்றன. ஆனால் அதைச் செயலிழக்கச் செய்யும் அளவுக்கு அவை பொருந்துவதில்லை. எதிர்ப்பொருள் ஒட்டியிருக்கும் எதையும் விழுங்குவது நம் இரத்தத்திலுள்ள சில வெள்ளணுக்களின் வழக்கம். அவை இந்த வைரஸையும் விழுங்குகின்றன. உயிரோடு உள்ளே போன வைரஸ் அங்கேயே பெருகத் தொடங்குகிறது. காவல்காரனே கள்ளனைக் கைபிடித்து வீட்டுக்குள் அழைத்துச் சென்றது போல் ஆகிவிடுகிறது! இரண்டாம் தொற்று வந்தவர் எல்லோருக்கும் இப்படி ஆவதில்லை, சிலருக்கே ஆகிறது. ஆனால் ஒரு நகரத்தில் இலட்சம் பேருக்கு நோய் வரும்போது, அந்தச் "சிலர்" ஒரு மருத்துவமனையை நிரப்பிவிடுவார்கள்.

இப்போது கேள்விக்கு விடை கிடைத்துவிட்டது. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளிக்குச் செய்யும் சிகிச்சை நான்கு வகைக்கும் ஒன்றே. எந்த வகை என்று தெரியும் வரை மருத்துவர் காத்திருப்பதில்லை. ஆனால் ஊருக்கு அது தெரிய வேண்டும். பல ஆண்டுகளாக ஒரே வகை உலவிய ஊரில் புதிதாக வேறொரு வகை நுழைந்தால், அது ஓர் அபாய மணி. அந்த மணி சரியான நேரத்தில் அடிக்க வேண்டுமானால் நான்கையும் விரைவாகப் பிரித்து அறியும் வழி வேண்டும்.

எலிக்குட்டியும் கொசுவின் செல்லும்

முன்பெல்லாம் இது பொறுமையைச் சோதிக்கும் வேலை. வைரஸ் உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகும். ஆகவே நோயாளியின் இரத்தத்தைப் பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலிக் குட்டிகளுக்குச் செலுத்தி, வைரஸ் பெருகும் வரை காத்திருந்தார்கள். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரியில் 1960-களில் டெங்கு வைரஸ்களைப் பிரித்தெடுத்து ஆராய்ந்தார்கள். ஒரே நோயாளியின் இரத்தத்தில் சிக்குன்குனியா வைரஸும் டெங்கு 2-உம் சேர்ந்திருந்ததை அங்கிருந்த ஆய்வாளர்கள் கண்டு, 1967-இல் கட்டுரையாக வெளியிட்டார்கள்.

அதே 1967-இல், புனே நகரிலிருந்த வைரஸ் ஆய்வு மையத்தில் கே. ஆர். பி. சிங் என்ற விஞ்ஞானி ஏடிஸ் கொசுவின் செல்களைக் கண்ணாடிக் குடுவையில் தொடர்ந்து வளர்ப்பதில் வெற்றி கண்டார். பிறகு உலகெங்கும் டெங்கு வைரஸை வளர்க்க அந்தச் செல்களின் வழித்தோன்றல்களே பயன்பட்டன. எலிக்குட்டிகளுக்கு ஓய்வு கிடைத்தது. என்றாலும் வைரஸை வளர்த்து, ஒவ்வொரு வகைக்கும் உரிய எதிர்ப்பொருளோடு சேர்த்துப் பார்த்து, வகையைச் சொல்ல ஒரு வாரமோ இரண்டு வாரமோ ஆகிவிடும். அதற்குள் கொசு பல வீடுகளுக்குப் போய்வந்திருக்கும்.

வைரஸை வளர்க்காமலே அதன் வகையைச் சொல்ல முடியுமா? முடியும். வைரஸ் தன் அடையாளச் சீட்டைத் தனக்குள்ளேயே வைத்திருக்கிறது. அதைப் படித்தால் போதும்.

நான்கு எழுத்தில் எழுதிய சீட்டு

எல்லா உயிர்களின் மரபுச் செய்தியும் நான்கே எழுத்துகளில் எழுதப்பட்டது. அடினைன், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கு வேதிப் பொருள்களே அந்த எழுத்துகள். டி.என்.ஏ. என்பது இரட்டை இழை. ஓர் இழையில் அடினைன் இருக்கும் இடத்தில் எதிர் இழையில் தைமின் இருக்கும். குவானின் இருக்கும் இடத்தில் சைட்டோசின் இருக்கும். எனவே ஓர் இழையைப் படித்தாலே மற்ற இழையை எழுதிவிடலாம்.

டெங்கு வைரஸிடம் இருப்பது டி.என்.ஏ. அல்ல, ஆர்.என்.ஏ. அது ஒற்றை இழை. தைமினுக்குப் பதில் யுராசில் என்ற எழுத்து அதில் இருக்கும். அந்த இழையின் நீளம் ஏறக்குறைய 10,700 எழுத்துகள். நான்கு வகைகளின் இழைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால், ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு எழுத்துகள் ஒன்றாகவே இருக்கும். ஒரு பங்கு மாறியிருக்கும். சில இடங்கள் நான்கிலும் மாறாமல் இருக்கும். சில இடங்கள் வகைக்கு வகை மாறும். இந்த இரண்டு விதமான இடங்களும் நமக்குத் தேவை. எப்படி என்று பின்னால் பார்ப்போம்.

இப்போது உள்ள தொல்லை இதுதான். ஒரு துளி இரத்தத்தில் உள்ள ஆர்.என்.ஏ. மிக மிகச் சிறிதளவு. அதை நேரே பார்க்கவோ படிக்கவோ இயலாது. முதலில் அதை நகல் எடுத்துப் பெருக்க வேண்டும். அதற்கு வந்ததுதான் பி.சி.ஆர். எனப்படும் பாலிமரேஸ் சங்கிலி வினை.

ஒன்றை நூறு கோடியாக்கும் வினை

கொரோனாப் பெருந்தொற்று பரவிய 2020-ஆம் ஆண்டிலிருந்து பி.சி.ஆர். என்ற சொல் வீட்டுக்கு வீடு தெரிந்துவிட்டது. அந்த முறையை 1983-இல் கண்டுபிடித்தவர் அமெரிக்காவின் கேரி மல்லிஸ். அதற்காக 1993-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் அவருக்குப் பங்கு கிடைத்தது.

அது எப்படி வேலை செய்கிறது? ஒரு சிறு குழாயில் நாம் பெருக்க விரும்பும் டி.என்.ஏ. இருக்கிறது. அதனுடன் நான்கு எழுத்துகளையும் தாராளமாகக் கலந்து விடுகிறோம். எழுத்துகளைக் கோத்துப் புது இழை கட்டும் பாலிமரேஸ் என்ற நொதியையும் சேர்க்கிறோம். இந்த நொதிக்கு ஒரு குணம் உண்டு. வெறும் ஒற்றை இழையைக் கொடுத்தால் அது வேலையைத் தொடங்காது. யாராவது முதலில் ஒரு சிறு துண்டைப் பொருத்திக் கொடுத்தால், அதன் முனையிலிருந்து தொடர்ந்து கட்டிக்கொண்டே போகும். கோலத்தில் முதல் இழையை மட்டும் அம்மா போட்டுக் கொடுத்தால் மீதியைத் தானே போடும் சிறுமியைப் போல! அந்தச் சிறு துண்டுக்குப் பிரைமர் என்று பெயர். நாம் அதைத் தொடக்கத் துண்டு என்று சொல்வோம்.

தொடக்கத் துண்டின் நீளம் ஏறக்குறைய 20 முதல் 30 எழுத்துகள். இவ்வளவு சிறிய துண்டு சரியான இடத்தை எப்படிக் கண்டுபிடிக்கும் என்று ஐயம் வருகிறதா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒவ்வோர் இடத்திலும் நான்கு எழுத்துகளில் ஒன்று வரலாம். 20 இடங்களுக்கு 4-ஐ 20 முறை பெருக்க வேண்டும். விடை ஏறக்குறைய 1 இலட்சத்து 10 ஆயிரம் கோடி! இத்தனை விதங்களில் ஒரு குறிப்பிட்ட வரிசை, 10,700 எழுத்துள்ள இழையில் தற்செயலாக இரண்டு இடங்களில் வருவது நடவாத காரியம்.

இனிக் குழாயைச் சூடாக்குவோம். 95 டிகிரி செல்சியசில் டி.என்.ஏ.யின் இரு இழைகளும் பிரிந்துவிடும். 50-க்கும் 60-க்கும் இடையே குளிர்வித்தால் தொடக்கத் துண்டுகள் தத்தமக்கு உரிய இடத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். ஓர் இழைக்கு ஒன்று, எதிர் இழைக்கு ஒன்று. மீண்டும் 72 டிகிரிக்குச் சூடாக்கினால் நொதி இழையைக் கட்டும். ஒரு சுற்று முடிந்தது. ஒன்று இரண்டாகிவிட்டது. அடுத்த சுற்றில் இரண்டு நான்காகும். 10 சுற்றில் 1,024. 20 சுற்றில் 10,48,576. 30 சுற்றில் 107 கோடிக்கு மேல்! இரண்டு தொடக்கத் துண்டுகளுக்கும் இடைப்பட்ட பகுதி மட்டுமே இவ்வாறு பெருகும் என்பதை மனத்தில் வையுங்கள்.

95 டிகிரி என்பது ஏறக்குறைய கொதிநீர். அதில் நொதி கெட்டுவிடாதா? தொடக்க காலத்தில் கெடத்தான் செய்தது. ஒவ்வொரு சுற்றிலும் புதிதாக நொதியை ஊற்ற வேண்டியிருந்தது. அந்தச் சங்கடத்தைத் தீர்த்தது ஒரு பாக்டீரியா. அமெரிக்காவின் எல்லோஸ்டோன் தேசியப் பூங்காவில் உள்ள வெந்நீர் ஊற்றுகளில் தெர்மஸ் அக்குவாட்டிகஸ் என்ற பாக்டீரியா வாழ்வதைத் தாமஸ் பிராக் என்பவர் 1960-களிலேயே கண்டிருந்தார். 70 டிகிரி வெந்நீரில் சுகமாக வாழும் அந்த உயிரின் நொதிக்கு 95 டிகிரியும் பொறுக்கும். இப்படிப் பெற்ற டாக் பாலிமரேஸ் வந்தபின் குழாயை மூடி வைத்துவிட்டு எல்லாச் சுற்றுகளையும் ஒரே மூச்சில் ஓட்ட முடிந்தது. வெந்நீர் ஊற்றை ஆராய்ந்தவர் அது டெங்குவுக்கு உதவும் என்று நினைத்திருப்பாரா, என்ன!

இன்னும் ஒரு படி பாக்கி. பி.சி.ஆர். பெருக்குவது டி.என்.ஏ.யை. டெங்குவிடம் இருப்பதோ ஆர்.என்.ஏ. எனவே முதலில் ஆர்.என்.ஏ.யைப் பார்த்து டி.என்.ஏ. எழுத வேண்டும். அதைச் செய்வது "தலைகீழ்ப் படியெடுப்பு நொதி". டி.என்.ஏ.யிலிருந்து ஆர்.என்.ஏ. எழுதப்படுவதே உயிர்களின் வழக்கம். இது அதைத் தலைகீழாகச் செய்வதால் இந்தப் பெயர். 1970-இல் ஹோவர்டு டெமினும் டேவிட் பால்டிமோரும் தனித்தனியே இதைக் கண்டுபிடித்தார்கள். 1975-இல் இருவரும் நோபல் பரிசில் பங்கு பெற்றார்கள்.

எழும்பூரில் ஏறிய நால்வர்

கருவிகள் எல்லாம் வந்துவிட்டன. இனிப் பிரித்தறியும் தந்திரம்.

சென்னை எழும்பூரில் நான்கு உடன்பிறப்புகள் தெற்கே போகும் ரயிலில் ஏறுகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்த்து யார் என்று சொல்ல முடியாது. ஆனால் ஒருவர் செங்கற்பட்டில் இறங்குவார், ஒருவர் விழுப்புரத்தில், ஒருவர் திருச்சியில், ஒருவர் மதுரையில். இது மாறாத வழக்கம். அப்படியானால் முகத்தை ஏன் பார்க்க வேண்டும்? பயணம் செய்த தூரத்தைக் கேட்டாலே ஆள் யார் என்று தெரிந்துவிடுமே!

1992-இல் அமெரிக்காவின் ஃபோர்ட் காலின்ஸ் நகரிலிருந்த அரசு ஆய்வுக்கூடத்தில் ராபர்ட் லான்சியோட்டியும் அவருடைய குழுவினரும் வெளியிட்ட முறை இத்தகையதே. முதலில், நான்கு வகையிலும் மாறாத இரண்டு இடங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றுக்குப் பொதுவான இரு தொடக்கத் துண்டுகளைச் செய்தார்கள். எந்த டெங்குவாக இருந்தாலும் இவை ஒட்டிக்கொள்ளும். 511 எழுத்து நீளமுள்ள பகுதி பெருகும். இது முதல் கட்டம். "இது டெங்குதான்" என்று இது சொல்லும்.

இரண்டாம் கட்டத்தில் ஒரு பக்கத்துக்கு அதே பொதுத் துண்டு. அதுதான் எழும்பூர். மறு பக்கத்துக்கு நான்கு வெவ்வேறு துண்டுகள். ஒவ்வொன்றும் ஒரே ஒரு வகையில் மட்டும் பொருந்தும். அதோடு, ஒவ்வொன்றும் பொருந்தும் இடம் பொதுத் துண்டிலிருந்து வெவ்வேறு தொலைவில் இருக்குமாறு அமைத்தார்கள். நான்கையும் ஒரே குழாயில் போட்டால், டெங்கு 2-ஆக இருந்தால் 119 எழுத்து நீளமுள்ள துண்டு பெருகும். டெங்கு 3 என்றால் 290. டெங்கு 4 என்றால் 392. டெங்கு 1 என்றால் 482.

மாறாத இடங்களும் மாறும் இடங்களும் இரண்டும் வேண்டும் என்று முன்பு சொன்னது இதற்காகத்தான். மாறாத இடம் "இந்தக் குடும்பத்தவர்" என்று சொல்கிறது. மாறும் இடம் "குடும்பத்தில் இவர்தான்" என்று சொல்கிறது.

பொருந்தாத துண்டு அரைகுறையாக ஒட்டிக்கொண்டு குழப்பம் செய்யாதா? செய்யக்கூடும். அதைத் தடுப்பதில்தான் ஆய்வாளரின் திறமை இருக்கிறது. நொதி இழையைக் கட்டத் தொடங்குவது துண்டின் முனையிலிருந்து. அந்த முனையிலுள்ள எழுத்துகள் பொருந்தாவிட்டால் நொதியால் எளிதில் தொடங்க முடியாது. ஆகவே வகைக்கு வகை மாறும் எழுத்துகள் முனையில் அமையுமாறு துண்டைத் திட்டமிடலாம். குழாயின் வெப்பத்தையும் சற்று உயர்த்தி வைத்தால், அரைகுறையாக ஒட்டியவை கழன்றுவிடும். நன்றாகப் பொருந்தியவை மட்டும் நிற்கும்.

நீளத்தை அளப்பது எப்படி?

119 எழுத்து நீளத்தை எந்த அளவுகோலால் அளப்பது? அதற்கு ஓர் ஓட்டப் பந்தயம் வைக்கிறார்கள். கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகரோஸ் என்ற பொருளை நீரில் காய்ச்சி ஆறவைத்தால் ஜெல்லிப் பலகை போல் உறையும். அதன் ஒரு முனையில் சிறு குழிகள் இருக்கும். குழிகளில் பெருக்கிய டி.என்.ஏ.யை விட்டு, பலகைக்கு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். டி.என்.ஏ.க்கு எதிர்மின் தன்மை உண்டு. ஆகையால் அது நேர்மின் முனையை நோக்கி ஓடும். ஜெல்லிக்குள் கண்ணுக்குத் தெரியாத வலைக் கண்கள் உள்ளன. சிறிய துண்டு அவற்றில் விரைவாக நுழைந்து போய்விடும். பெரிய துண்டு சிக்கித் தடுமாறிப் பின்தங்கும். கூட்டம் நிறைந்த சந்தைத் தெருவில் சிறுவன் புகுந்து ஓடிவிடுகிறான், மூட்டை சுமப்பவர் பின்தங்குகிறார் அல்லவா, அது போல.

பிறகு டி.என்.ஏ.யோடு சேர்ந்து ஒளிரும் சாயத்தை ஏற்றிப் புற ஊதாக் கதிரில் பார்த்தால், துண்டுகள் ஓடி நின்ற இடங்கள் கோடு கோடாக மின்னும். பக்கத்துக் குழியில், நீளம் தெரிந்த துண்டுகளின் கலவையை ஓடவிட்டிருப்பார்கள். அது ஏணிப்படி போல் கோடுகளைக் காட்டும். அந்த ஏணியோடு ஒப்பிட்டு நம் கோட்டின் நீளத்தைச் சொல்லிவிடலாம். வாரக் கணக்கில் ஆன வேலை ஒரு நாளில் முடிந்துவிடுகிறது.

இப்போது ஜெல்லிப் பலகைகூட இல்லாமல் இதைச் செய்கிறார்கள். நான்கு வகைக்கும் நான்கு நிறங்களில் ஒளிரும் சாயங்களை வைத்து, பெருகப் பெருகவே எந்த நிறம் ஒளிர்கிறது என்பதைக் கருவியே பார்த்துச் சொல்லிவிடும். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் உருவாக்கிய இத்தகைய சோதனைக்கு 2012-இல் அந்நாட்டில் அனுமதி கிடைத்தது. தூரத்தைக் கேட்பதற்குப் பதில் சட்டையின் நிறத்தைப் பார்ப்பது போல! ஆனால் அடிப்படைக் கருத்து அதேதான்.

கோட்டை நம்பலாமா?

ஒன்றை நூறு கோடியாக்கும் கருவி தவறையும் நூறு கோடியாக்கும். நேற்று பெருக்கிய குழாயைத் திறக்கும்போது கண்ணுக்குத் தெரியாத ஒரு திவலை தெறித்து, இன்றைய குழாயில் விழுந்துவிட்டால் போதும். நோயே இல்லாதவருக்கும் கோடு விழுந்துவிடும். அதனால்தான் மாதிரியைத் தயார் செய்வதும் பெருக்கியதைக் கையாளுவதும் தனித்தனி அறைகளில் நடக்கின்றன. ஒவ்வொரு முறையும் ஒரு குழாயில் இரத்தத்துக்குப் பதில் வெறும் தூய நீரை வைத்து ஓட்டுகிறார்கள். அதில் கோடு வரக் கூடாது. இன்னொரு குழாயில் வகை தெரிந்த டெங்குவின் ஆர்.என்.ஏ.யை வைக்கிறார்கள். அதில் கோடு வந்தே ஆக வேண்டும். இந்த இரண்டு சாட்சிகளும் சரியாகச் சொன்னால்தான் மற்றக் குழாய்களின் பேச்சை நம்பலாம்.

கோடு வராவிட்டாலும் எச்சரிக்கை வேண்டும். காய்ச்சல் தொடங்கிய முதல் ஐந்து நாள்களில்தான் இரத்தத்தில் வைரஸ் நன்றாக இருக்கும். பிறகு அது குறைந்துவிடும். ஆர்.என்.ஏ. எளிதில் சிதையும் பொருளாகையால் இரத்தத்தைக் குளிரில் வைத்து எடுத்துச் செல்ல வேண்டும். இன்னொன்று, வைரஸின் எழுத்துகள் காலப்போக்கில் மாறுகின்றன. தொடக்கத் துண்டு ஒட்டும் இடத்திலேயே மாற்றம் வந்துவிட்டால் துண்டு ஒட்டாது. வைரஸ் இருந்தும் கோடு வராது. ஆகவே ஊரில் உலவும் வைரஸ்களின் எழுத்து வரிசையை அவ்வப்போது படித்துப் பார்த்து, துண்டுகளைத் திருத்திக்கொண்டே இருக்க வேண்டும்.

நீங்களே சொல்லுங்கள்

இப்போது ஒரு சிறு பயிற்சி. ஆய்வுக்கூடத்தில் நீங்கள் இருக்கிறீர்கள். கீழே இரண்டு நாள்களின் இரண்டாம் கட்ட முடிவுகள் உள்ளன. என்ன அறிக்கை எழுதுவீர்கள்?

முதல் நாள்: அ-வின் இரத்தத்தில் 119 எழுத்துக் கோடு. ஆ-வின் இரத்தத்தில் 482, 290 என இரண்டு கோடுகள். இ-யின் இரத்தத்தில் கோடு இல்லை. அவருக்குக் காய்ச்சல் வந்து ஒன்பது நாள் ஆகிறது. டெங்கு 4 வைத்த சாட்சிக் குழாயில் 392. வெறும் நீரில் கோடு இல்லை.

இரண்டாம் நாள்: ஈ-யின் இரத்தத்தில் 290. உ-வின் இரத்தத்தில் 290. சாட்சிக் குழாயில் 392. வெறும் நீரில் 290.

சற்று யோசித்துவிட்டுப் பிறகு விடையைப் பாருங்கள்.

விடை: முதல் நாள் சாட்சிகள் இரண்டும் சரியாக இருக்கின்றன. எனவே அ-வுக்கு டெங்கு 2. ஆ-வுக்கு டெங்கு 1, டெங்கு 3 ஆகிய இரண்டும் ஒரே நேரத்தில். அரிதானாலும் இப்படி நேர்வது உண்டு. இ-க்கு டெங்கு இல்லை என்று எழுதிவிடக் கூடாது. ஒன்பதாம் நாளில் வைரஸ் மறைந்திருக்கலாம். எதிர்ப்பொருள் சோதனையைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இரண்டாம் நாள்? "ஊரில் டெங்கு 3 நுழைந்துவிட்டது" என்று எழுதத் தோன்றும். ஆனால் வெறும் நீரிலும் அதே கோடு இருக்கிறதே! எங்கோ திவலை தெறித்திருக்கிறது. ஈ-க்கும் உ-வுக்கும் உண்மையிலேயே டெங்கு 3 இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். எனவே எதையும் எழுதக் கூடாது. மேசையைத் துடைத்து, கலவைகளை எல்லாம் புதிதாகத் தயாரித்து, எடுத்து வைத்த இரத்தத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டும். ஒரு நாள் தாமதமானாலும் பரவாயில்லை. ஊர் முழுவதும் கேட்கும் மணியை அடிப்பவர், அது உண்மையான மணி என்று உறுதி செய்துகொண்ட பிறகே கயிற்றைத் தொட வேண்டும்.